பதினான்கு நாள் மருந்தைக் கடல் தாண்டவைத்த மகிஸ்த்ரா நெதில்காவுக்கு

“உங்க மருந்துக்கு நீச்சல் தெரியுமா, மகிஸ்த்ரா?”

மூன்று குளிர்காலங்களுக்கு முன்னால் கலேபாட்ஸ் தீவிலிருந்து ஷிமே மாமா உங்களிடம் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. அவர் குரலுக்குத் தொலைபேசியே தேவையில்லை என்பது ஊரறிந்த சங்கதி. அதனால் கடையில் வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள், மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த நாங்களும் கேட்டோம். தெற்கிலிருந்து யூகோ காற்று வீசிக்கொண்டிருந்தது. படகு நின்று போயிருந்தது.

“தெரியாது, ஷிமே. எனக்கும்தான் தெரியாது” என்றீர்கள்.

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். தீவில் பிறந்து தீவிலேயே வேலை பார்ப்பவருக்கு நீச்சல் தெரியாது என்று அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுப் பின்னறைக்குள் போய், அங்கே கண்ணாடிப் புட்டியில் ஆறிக்கொண்டிருந்த மருந்தைப் பார்த்தபடி நின்றீர்கள்.

முப்பத்தோராண்டுகள் எங்கள் தீவின் ஒரே மருந்தகத்தைத் திறந்து மூடிய கைகளுக்கு உரியவரே. தராசின் முள் அசைவது நிற்கும்வரை மூச்சை நிறுத்திவைப்பவரே. மருத்துவர்களின் புரியாத கையெழுத்தையும் நோயாளிகளின் புரியாத பிடிவாதத்தையும் ஒரே பொறுமையோடு படித்தவரே. இன்று பணி ஓய்வு பெறும், எங்கள் மதிப்புக்கும் மனத்துக்கும் உரிய மகிஸ்த்ரா நெதில்கா அவர்களே, வணக்கம்.

மருந்தாளரை மகிஸ்த்ரா என்று அழைப்பது இந்தக் கரையெங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் எங்கள் தீவில் குழந்தைகள் அதை உங்கள் பெயர் என்றே நினைத்து வளர்ந்தார்கள். உங்களுக்கு நெதில்கா என்று ஒரு பெயர் இருப்பது, இந்த மடலை எழுத உட்கார்ந்தபோது சிலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

பாராட்டு மடலில் பணிகளை வரிசையாகச் சொல்லவேண்டும் என்பார்கள். உங்கள் பணிகளைச் சொல்லத் தொடங்கினால் இன்றைய காபி ஆறிவிடும், மேசையில் இருக்கும் அத்தி கேக்கை ஈ மொய்த்துவிடும். ஆகவே ஒரே ஒரு புட்டியின் கதையை மட்டும் சொல்கிறோம்.

அந்தப் புட்டி லூத்சே அத்தையுடையது. ஷிமே மாமாவின் மனைவி. பக்கவாதம் வந்து பிழைத்த பிறகு அவருக்கு மாத்திரை விழுங்க வராது. வலிப்பு வராமல் தடுக்கும் மருந்தை உங்கள் பின்னறையில் நீங்களே அரைத்து, கலந்து, இனிப்பு சேர்த்துத் திரவமாகத் தயாரிப்பீர்கள். அது பதினான்கு நாள் தாங்கும். அதற்குமேல் வைத்துக்கொள்ள முடியாது. முன்கூட்டியே இரண்டு புட்டி அனுப்பிவைக்கவும் வழியில்லை. ஆண்டு முழுவதும் இது பெரிய காரியமில்லை. கோடையில் படகு தினமும் போகும். குளிர்காலத்தில் யூகோ வீசத் தொடங்கினால் போகாது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு புட்டி தாமதமானது. லூத்சே அத்தைக்கு வலிப்பு வந்தது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது. உயிர் ஊசலாடும் ஆளுக்கு ஹெலிகாப்டர் வரும், ஒரு புட்டிக்கு வராது. பெருநிலத்து மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை மருந்து தவறினால் இவரைத் தீவில் வைத்திருக்கக் கூடாது. மகள் அங்கே ஓர் அறையை ஒழித்துவைத்தாள். கலேபாட்ஸில் பிறந்து, கலேபாட்ஸில் மணந்து, அங்கேயே அத்திமரம் நட்டவர்கள் இருவரும் அடுத்த யூகோவுக்குப் பயந்து வாழத் தொடங்கினார்கள்.

நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனீர்கள்.

அங்கே மாணவர்கள் சேர்ந்து ஒரு டிரோன் செய்துகொண்டிருந்தார்கள். தலைநகரில் நடக்கும் போட்டிக்காக. ஃப்ரானே உடைந்த தூண்டில் கழிகளை அறுத்துச் சட்டம் செய்வான். திஹானா அதன் மூளையை எழுதுவாள். பிற்பகலில் கடையை அடைத்துவிட்டு நீங்கள் அந்த அறைக்குள் நுழைந்தபோது, பள்ளிக்கு ஏதோ தடுப்பூசி வந்திருக்கிறது என்றுதான் ஃப்ரானே நினைத்தானாம்.

“இது எவ்வளவு தூக்கும்?” என்று கேட்டீர்கள்.

“ஒரு ஆப்பிள் தூக்கும், மகிஸ்த்ரா.”

“ஒரு புட்டி?”

“காலிப் புட்டியா, நிறைஞ்ச புட்டியா?”

“காலிப் புட்டிய அனுப்பி நான் என்னடா பண்ணப் போறேன்?”

திஹானா தலையை நிமிர்த்தாமலே, “யூகோல இது பறக்காது. காத்து இதைப் பஞ்சு மாதிரி தூக்கிட்டுப் போயிடும்” என்றாள்.

“காத்துல பறக்க வேண்டாம். காத்து விட்டதுக்கு அப்புறம் பறக்கட்டும்.”

அதை நீங்கள் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. யூகோ ஒரு காலையில் சட்டென்று ஓயும். ஆனால் கடல் ஓயாது. கலேபாட்ஸ் துறை தெற்கே திறந்து கிடப்பதால், காற்று நின்ற பிறகும் அலை அங்கே கல்லைப் பிடுங்கும், படகு கட்ட முடியாது. வானம் தெளிந்து, கடல் மட்டும் கோபமாக இருக்கும் அந்த நாட்கள்தாம் லூத்சே அத்தையின் வீட்டில் புட்டி காலியாகும் நாட்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் குழுவில் ஒருவரானீர்கள். தலைவராக அல்ல. ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொள்ள வந்த கடைசி மாணவியாக. அதில் நீங்கள் தேறவே இல்லை என்பதை இன்று சபையில் சொல்ல அனுமதி கேட்கிறோம். “மகிஸ்த்ரா, அது சூப் இல்ல, கரண்டிய எடுத்து எடுத்துப் பாக்காதீங்க” என்று ஃப்ரானே உங்களை அதட்டியதும், நீங்கள் விரலைச் சுட்டுக்கொண்டு உங்கள் கடைத் தைலத்தையே உங்களுக்குப் பூசிக்கொண்டதும் எங்களுக்குத் தெரியும். உங்கள் கை தேர்ந்தது எடையில். கடைத் தராசைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். திருகாணி, கம்பி, ஒட்டும் நாடா, எல்லாம் அதில் ஏறி இறங்கின. மீன்கடைத் தெர்மாகோல் பெட்டியைச் செதுக்கிச் செதுக்கி, புட்டிக்கு ஒரு தொட்டில் செய்தீர்கள்.

கடையில் லேபிள் ஒட்டும் பெரினாவையும் உடன் அழைத்துப்போனீர்கள். பள்ளியைப் பாதியில் விட்ட பெண் மறுபடி பள்ளி வாசலை மிதிக்கத் தயங்கினாள். “படிக்க வரச் சொல்லல. பெட்டியப் பிடிக்க ஆள் வேணும்” என்றீர்கள். ஏன் பள்ளியை விட்டாய் என்று தீவில் ஒவ்வொருவரும் அவளிடம் ஒருமுறையாவது கேட்டிருக்கிறார்கள். நீங்கள் இன்றுவரை கேட்கவில்லை. கிழிந்த குடைத்துணியில் பாராசூட் தைக்கத் தெரியுமா என்றுதான் கேட்டீர்கள். தெரியும் என்றாள். அது ஒன்றும் சிறிய உதவியில்லை என்று இங்கே பதிவு செய்கிறோம்.

அன்புக்குரியவரே, இனி கப்பல் கதைக்கு வருகிறோம். இதைச் சொல்லாமல் விட்டால் கேப்டன் ஸ்ரெச்கோ இந்த விருந்தில் உட்காரமாட்டார்.

முதல் டிரோனுக்குத் தீவிலிருந்து கலேபாட்ஸ் வரை பறந்து திரும்பும் பலம் இல்லை. ஆனால் பெருநிலத்துக்குப் போகும் கப்பல் பாதி வழியில் கலேபாட்ஸை ஒட்டிச் செல்லும். எங்கள் ஊரில் எதையாவது எங்கேயாவது சேர்க்கவேண்டுமென்றால் என்ன செய்வோம்? கப்பலில் கொடுத்துவிடுவோம். அதையே செய்தோம். அனுமதி தரவேண்டிய சுகாதார அலுவலரும் கப்பலில் இருந்தார், ஈரம் படாத காலணியோடு. சோதனைக்கு மருந்தை வீணாக்கக் கூடாதென்று புட்டியில் இனிப்பு ஒயின் ஊற்றி அனுப்பினீர்கள்.

டிரோன் மேல்தளத்திலிருந்து எழும்பியது. கலேபாட்ஸுக்குப் போனது. குடைத்துணி விரிந்து, புட்டி ஷிமே மாமாவின் தோட்டத்தில் இறங்கியது. தளத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். டிரோன் திரும்பியது. கிளம்பிய இடத்துக்குத் துல்லியமாக வந்து, அங்கேயே நின்றது.

கப்பல் அங்கே இல்லை. அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வெறும் தண்ணீருக்கு மேலே அது பொறுமையாக நின்றுகொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பிறகு, படித்த பாடத்தை மறக்காத நல்ல பிள்ளைபோல, மெல்ல இறங்கி, கடலின்மேல் கால் வைத்தது.

வேறு ஊர்க்காரர்கள் இந்தத் தவற்றைச் செய்திருக்கமாட்டார்கள். எங்கள் துறையில் யாராவது பையைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடிவருவது தெரிந்தால் கேப்டன் ஸ்ரெச்கோ கப்பலின் ஏறுகதவைத் தூக்கமாட்டார். கப்பல் காத்திருக்கும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. கிளம்பிய இடத்துக்குத் திரும்பு என்று எழுதிய திஹானாவுக்கும் சரி, பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் சரி, அந்த இடம் நகர்ந்துபோகும் என்பது தோன்றவே இல்லை.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருப்பேனே” என்றார் கேப்டன், உண்மையிலேயே மனம் புண்பட்டு. “இந்தத் தீவுல யாருக்கு நான் நிக்கல?”

கப்பலைத் திருப்பிக்கொண்டு போனார். விசிறிகள்கூட மிஞ்சவில்லை.

அலுவலர், “மேடம், இது விளையாட்டுச் சாமான்” என்றார்.

“ஆமா. விளையாட்டுச் சாமான் மூழ்கிடுச்சு. புட்டி கரை சேர்ந்துடுச்சு. எழுதும்போது ரெண்டையும் எழுதுங்க” என்றீர்கள்.

அந்த நேரம் பார்த்து உங்கள் கைபேசி ஒலித்தது. ஷிமே மாமா. மேல்தளம் முழுக்கக் கேட்டது: “மகிஸ்த்ரா, இந்த மருந்து எனக்கு நல்லா ஒத்துக்கிச்சு. வேளைக்கு எத்தன கரண்டி?”

அலுவலர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கடல்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் அனுமதி பிழைத்தது என்று இன்றும் நம்புகிறோம்.

சிரிக்காதவள் திஹானா ஒருத்திதான். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று அவள் அம்மா சொல்லியனுப்பினார். நீங்கள் கடை அங்கியைக்கூடக் கழற்றாமல் அவர்கள் வீட்டுக்குப் போய், மூடிய அறைக்கதவுக்கு முன்னால் நின்றீர்களாம்.

“உடம்புக்கு என்ன செய்யுது?”

“தலைவலி” என்றது கதவு.

“எந்தப் பக்கம்?”

“எல்லாப் பக்கமும்.”

“அப்படின்னா அது கடல்ல விழுந்த தலைவலி. அதுக்கு எங்கிட்ட ஒரே மருந்துதான் இருக்கு. நாளைக்குப் புது மோட்டார் வருது, நீ வந்து பிரிக்கணும். ஃப்ரானே பிரிச்சா திருகாணியத் தொலைப்பான்.”

கதவுக்குள்ளிருந்து கேள்வி வந்ததாம்: “நீங்க கோபமா இல்லையா?”

“இருக்கேன். அதுக்குன்னு மோட்டார யார் பிரிக்கிறது?”

அவள் வந்தாள். இரண்டாவது டிரோன் முதலாவதைவிட எடை குறைந்தது, பலம் கூடியது. வலை மிதவைக் கட்டைகளை அதன் கால்களில் கட்டினான் ஃப்ரானே. மேற்கு முனையின் பாறையிலிருந்தே கலேபாட்ஸ் போய்த் திரும்பும் என்று கணக்கு சொன்னாள் திஹானா. பாறை நகராது என்பதையும் ஒருமுறைக்கு இருமுறை உறுதிசெய்துகொண்டாள். காற்று அடங்கிய நாளில் மட்டும், சோதனையாக மட்டும் என்று அனுமதியும் வந்தது. தலைநகரப் போட்டிக்கும் அதே டிரோன்தான் என்று முடிவாயிற்று.

கடந்த குளிர்காலத்து யூகோவை இங்கே இருக்கும் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். யூகோ அடிக்கும்போது எங்கள் ஊரில் யாரும் கல்யாணம் பேசுவதில்லை, பாகப்பிரிவினை பேசுவதில்லை. தலை கனத்து, வாய் கசந்து, எல்லோரும் எல்லோர்மீதும் எரிந்துவிழுவோம். அது ஓயாமல் அடித்தது. லூத்சே அத்தையின் புட்டியில் அடிமட்டம் தெரிந்தது. மகள் பெருநிலத்திலிருந்து உங்களை அழைத்து, “முதல் படகுலயே அம்மாவக் கூட்டிட்டு வந்துடறோம், மகிஸ்த்ரா. இனிமே யோசிக்க ஒண்ணுமில்ல” என்றாள். நீங்கள் பின்னறைக்குப் போய்ப் புதுப் புட்டி தயாரிக்கத் தொடங்கினீர்கள்.

ஒரு காலையில் காற்று விழுந்தது. கடல் விழவில்லை.

மேற்கு முனையில் நின்றோம். பெரினா புட்டியைத் தொட்டிலில் வைத்து மூடினாள். டிரோன் கிளம்பியது. பாதிக்கு மேல் போனதும் திஹானாவின் முகம் மாறியது. தரையில் காற்று நின்றிருந்தாலும் மேலே இன்னும் அசைவு இருந்தது. எதிர்த்துப் போவதில் பேட்டரி நினைத்ததைவிட வேகமாக இறங்கியது.

“இப்பத் திருப்பினா வந்துடும்” என்றாள். “போனா, போய்ச் சேரும். திரும்பாது.”

“தோட்டத்துல இறங்கலாம்ல?” என்றான் ஃப்ரானே.

“இறங்குற அளவுக்கு மிஞ்சுமான்னு தெரியல. மிஞ்சினா தோட்டம். இல்லேன்னா பாறை. எப்படியும் படகு வர்ற வரைக்கும் அங்கதான் கிடக்கும்.”

போட்டி அடுத்த வாரம். இரண்டாண்டு வேலை அந்தத் தூண்டில் கழிகளில் இருந்தது. ஃப்ரானே உங்களைப் பார்த்தான்.

“மகிஸ்த்ரா, நீங்க சொல்லிடுங்க.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“நான் சொன்னா நீங்க கேட்டுடுவீங்க. மருந்து என்னோடது, அத நான் திரும்பவும் செஞ்சுக்குவேன். வண்டி உங்களோடது.”

சொல்லிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து அவர்கள் முடிவெடுத்துவிடக் கூடாதென்று. உங்களுக்கு வேண்டியது என்ன என்பது ஊருக்கே தெரியும். அந்த ஒரு சொல்லை நீங்கள் சொல்லாமல் நின்றதுதான், மதிப்பிற்குரியவரே, உங்கள் முப்பத்தோராண்டுகளில் நாங்கள் கண்ட பெரிய காரியம். எத்தனையோ பெரியவர்கள் எங்களுக்காக எத்தனையோ முடிவுகளை எடுத்திருக்கிறார்கள், நல்லதற்கென்றே. எங்கள் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றவர் நீங்கள் ஒருவர்.

திஹானா, திரும்பச் சொல்லும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். “போகட்டும்” என்றாள். ஃப்ரானே தலையாட்டினான்.

சற்று நேரத்தில் லூத்சே அத்தையே தொலைபேசியில் பேசினார். அவர் பேச்சு இன்னும் தடுமாறும். “வந்துடுச்சு” என்ற ஒரு சொல்லைச் சொல்லிமுடிக்க அவருக்கு நேரமானது. நாங்கள் காத்திருந்தோம். டிரோன் அத்திமரத்தில் மோதி, ஒரு காலை முறித்துக்கொண்டு கீழே கிடந்தது. புட்டிக்குக் கீறல் இல்லை.

போட்டிக்கு நாங்கள் போகவில்லை. அதைப் பற்றி நீங்கள் ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதற்கும் நன்றி. முறிந்த காலுக்கு என்ன எடையில் மாற்று போடலாம் என்றுதான் பேசினீர்கள்.

ஆண்டுகளை அளந்து கொடுத்தவரே, இனி உங்கள் நாட்கள் உங்கள் தராசில் மட்டும் நிற்கட்டும். வாசல்மணி கேட்டு எழுந்திருக்கத் தேவையில்லாத காலைகள் நிறைய வரட்டும். உங்கள் முழங்கால் மேற்கு முனை வரை நடக்கும் பலத்தோடு இருக்கட்டும். ஏனென்றால் வரும் குளிர்காலத்திலும் முதுகைக் காட்டி நிற்க அங்கே ஆள் வேண்டும். எங்கள் கடைக்கு நீங்கள் அடிக்கடி வாருங்கள், ஆனால் வாடிக்கையாளராக வரவேண்டிய தேவை அரிதாகவே நேரட்டும். விருப்பமிருந்தால் நீச்சலும் கற்றுக்கொள்ளுங்கள். ஈயம் பற்றவைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

முடிக்கும் முன் ஒரு சங்கதி. டிரோன் எப்படித் திரும்பியது என்று அன்று கேட்டீர்கள். படகில் வந்தது என்றோம். அது பாதிதான். மீதியை இந்த மடலுக்காக வைத்திருந்தோம்.

அந்த நாட்களில் நம் கடைக் கதவில் ஷிமே மாமா ஒரு தாள் ஒட்டியிருந்தார். யூகோவுக்கு முன் ஊருக்கு வந்தபோதே எழுதி ஒட்டியது. படகு விற்பனைக்கு, கோழிகள் இலவசம், குளிர்காலம் முடிவதற்குள் கேட்கவும் என்று கோணல் எழுத்தில் இருந்தது. கடையின் கதவு ஊரின் அறிவிப்புப் பலகை என்பதால் யாரும் எதையும் ஒட்டலாம். நீங்கள் தினமும் அந்தக் கதவைத் திறந்தீர்கள். அந்தத் தாளை ஒருநாளும் படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடல் அடங்கி முதல் படகு வந்த காலையில் நீங்கள் பின்னறையில் அடுத்த புட்டிக்காக அரைத்துக்கொண்டிருந்தீர்கள். ஷிமே மாமா தனியாக வந்தார். மகளும் இல்லை, லூத்சே அத்தையும் இல்லை, பெட்டி படுக்கையும் இல்லை. டிரோனைக் கம்பளியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துறையிலிருந்து நடந்து வந்திருந்தார். முறிந்த காலை மெல்லிய கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தார். எப்போதும் வாசலிலேயே வம்பிழுக்கத் தொடங்குபவர், அன்று வரிசையில் நின்றார். முறை வந்ததும் அதை மேசைமேல் படுக்கவைத்தார்.

“மகிஸ்த்ராவக் கூப்பிடட்டுமா, மாமா?” என்று பெரினா கேட்டாள்.

வேண்டாம் என்று தலையசைத்தார். பின்னறையிலிருந்து மருந்தரைக்கும் உங்கள் கல்வத்தின் சத்தம் வந்துகொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டபடி நின்றார். வரிசையில் அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். கதவில் இருந்த தன் தாளின் நாலு மூலைகளையும் கிழியாமல் நகத்தால் எடுத்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, துறையை நோக்கி இறங்கிப் போனார்.

இங்ஙனம்,
தீவு மருந்தகப் பணியாளர்களும் பள்ளி டிரோன் குழுவினரும்